சித்திராசாரியர் நந்தலால் போஸ்

வங்காள தேசத்தின் மேற்குப் பாகத்திலே பீர்பூம் என்று ஒரு மாவட்டம் உண்டு. கங்கையின் வண்டல் படிந்து, பார்க்குமிடமெல்லாம் பச்சையாய்க் கிடக்கும் வங்காளம் அன்று அது. செம்மண் தரை, மழைநீர் அரித்து மேடும் பள்ளமுமாக்கிய வெளி, கோடையிலே வெந்து பறக்கும் புழுதி, அவற்றின் நடுவே தனித்தும் கூட்டமாயும் நிற்கும் பனைமரங்கள். வலிகாமத்துச் செம்மண்ணிலே பிறந்து வளர்ந்த ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அங்கே விட்டால், புத்தூருக்கோ புன்னாலைக்கட்டுவனுக்கோ வந்துவிட்டோம் என்று சிறிது நேரம் மயங்கினாலும் மயங்குவர். மகாகவி இரவீந்திரநாத தாகூர் வளர்த்த சாந்திநிகேதனம் அந்தச் செம்மண்ணிலேதான் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓவியம் கற்பித்து, மனிதனும் மரமும் மாடும் மழையும் ஒரே உயிரின் பல உருவங்கள் என்பதைத் தூரிகையால் காட்டியவரே இக்கட்டுரையின் நாயகராகிய நந்தலால் போஸ் அவர்கள்.

நம் சங்க மலரிலே நாயன்மார்களின் சரிதங்களும் தேசத் தொண்டர்களின் வரலாறுகளும் வருவது வழக்கம். ஒரு சித்திரக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று பெரியோர்களில் யாராவது கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நம் ஊரிலே சித்திரம் என்பது சிறுபிள்ளைகளின் பாடம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடம்விட்டு மெல்ல ஒதுங்கிப்போகும் பாடம். நான் படித்த மிஷன் பாடசாலையிலே சித்திர வகுப்பு என்றால் மேசைமேல் ஒரு கோப்பையையும் ஒரு பெட்டியையும் வைத்து, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக் கறுப்புப் பூசுவதுதான். யன்னலுக்கு வெளியே பெரியதொரு வேப்பமரம் நின்றது. அதை வரையும்படி ஒருவரும் சொன்னதில்லை. நந்தலாலின் வாழ்க்கையை அறிந்தபிறகுதான் அந்த வேம்பின் நினைவு எனக்கு வந்தது. ஆகவே, சித்திரம் எதற்கு என்ற கேள்விக்கு நான் விடை கூறுவதைவிட அவருடைய வாழ்க்கையையே சொல்லிவிடுவது நல்லது.

நந்தலால் 1882 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆந் திகதி, இன்றைய பீகார் மாநிலத்து முங்கேர்ப் பகுதியில் உள்ள கரக்பூர் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்திலே உத்தியோகம் பார்த்தவர். தாயார் க்ஷேத்திரமணி தேவி கைவேலையிலே வல்லவர். பிள்ளைக்குப் பொம்மைகளைத் தாமே செய்து கொடுப்பார். குயவர் சக்கரம் சுற்றுவதையும், துர்க்கா பூசைக்கு வைக்கோலும் களிமண்ணும் கொண்டு அம்பிகையின் திருவுருவம் எழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பதே அச்சிறுவனுக்குப் பொழுதுபோக்கு. வைக்கோலும் மண்ணும் தெய்வமாவதையும், பூசை முடிந்தபின் அத்தெய்வம் ஆற்றிலே கரைந்து மறுபடி மண்ணாவதையும் ஆண்டுதோறும் பார்த்த பிள்ளை அது. பிற்காலத்திலே அவர் மண்ணை எவ்வளவு மதித்தார் என்பதை அறிவோர்க்கு இது சிறிய செய்தியாகத் தோன்றாது.

பதினைந்து பதினாறு வயதிலே படிப்புக்காகக் கல்கத்தா சென்றார். பள்ளிப் படிப்பை ஒருவாறு முடித்தார். கல்லூரிப் படிப்பு ஏறவில்லை. வர்த்தகம் படிக்க வைத்தார்கள்; அதுவும் ஏறவில்லை. 1903 இலே சுதீரா தேவியாரை மணந்து குடும்பஸ்தருமானார். பரீட்சையிலே தவறிய மருமகனைப் பார்த்து மாமனார் வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நம் யாழ்ப்பாணத்தாருக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை. அந்நாளிலே அவனீந்திரநாத தாகூர் எழுதிய புத்தரும் சுஜாதையும் என்ற ஓவியம் அவர் கண்ணிலே பட்டது. இவரே என் குரு என்று மனத்திலே தீர்மானித்துக்கொண்டு, 1905 இல் கல்கத்தா அரசினர் ஓவியப் பாடசாலைக்குச் சென்றார். அங்கே தலைவர் ஹவெல் என்னும் ஆங்கிலேயர், உபதலைவர் அவனீந்திரர். சேர வந்த மாணவனைச் சோதிப்பதற்காகச் சித்திதாதாவாகிய கணேசரை மனத்தால் நினைந்து வரையும்படி பணித்தார்கள். விநாயகர் துணைசெய்தார், இடம் கிடைத்தது.

அக்காலம் எத்தகையது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இந்திய ஓவியம் என்று ஒன்று உண்டு என்பதையே படித்தவர்கள் ஏற்காத காலம். ஓவியப் பாடசாலைகளிலே கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்புப் பிரதிகளை வைத்துப் பார்த்து எழுதினார்கள். கல்கத்தாவிலே அந்த வழக்கத்தை மாற்றி, அஜந்தாவையும் முகலாய ராஜபுத்திரச் சித்திரங்களையும் மாணவர்முன் வைத்தவர் ஹவெல். அந்த முயற்சிக்கு உறுதுணையாய் நின்றவர்களில் ஒருவர் நம்மவர்: சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் கல்கத்தாவிலே தாகூர் குடும்பத்தாரின் யோராசாங்கோ மாளிகையில் தங்கியிருந்த காலத்தில், அங்கிருந்த ஓவியத் தொகுதியை ஒழுங்குபடுத்த நந்தலால் உதவினார். ஆனந்த குமாரசுவாமியும் சகோதரி நிவேதிதையும் எழுதி 1913 இல் வெளிவந்த இந்து பௌத்தப் புராணக் கதைகள் பற்றிய ஆங்கில நூலிலே நந்தலாலின் சித்திரங்களும் இடம்பெற்றன.

1908 ஆம் ஆண்டு நடந்த கண்காட்சியிலே சதி என்னும் அவரது ஓவியத்துக்கு 500 ரூபா பரிசு கிடைத்தது. அந்நாளில் அது பெருந்தொகை. அப்பணத்தை அவர் தலயாத்திரைக்குச் செலவிட்டார். வடநாட்டுக் கோயில்களையும் பின்னர் தென்னாட்டுக் கோயில்களையும் நேரிற் கண்டார். 1909 இன் இறுதியிலே ஹெரிங்ஹாம் சீமாட்டி அஜந்தாக் குகை ஓவியங்களைப் பிரதிசெய்ய வந்தபோது, சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் நந்தலாலும் வேறு சில இளைஞர்களும் அங்கே சென்றார்கள். சுவாமி விவேகானந்தரின் சிஷ்யையாகிய நிவேதிதை, விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போசுடன் அஜந்தாவுக்கே வந்து அவர்களைப் பார்த்தார். குகையின் இருளிலே, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கோடுகளைத் தம் கையால் பின்தொடர்ந்தபோது நந்தலாலின் கோட்டிலே உறுதி பிறந்தது.

ஆனால் ஓர் உண்மையையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். அக்காலத்து அவர் ஓவியங்களிலே புராண மாந்தர் மிக மென்மையாக, மூடுபனிக்குள் நிற்பவர் போலத் தோன்றுகின்றனர். பக்தி இருக்கிறது; வெயில் இல்லை. அச்சுப் பிரதிகளை வைத்துப் பார்த்த அளவிலே என் அபிப்பிராயம் இது. அவர் அங்கேயே நின்றிருந்தால் அவனீந்திரரின் நல்ல மாணவர் ஒருவர் என்று மட்டுமே இன்று அறியப்படுவார்.

வெயில் வந்தது இரவீந்திரரால். 1914 இலே கவிஞர் அவரைச் சாந்திநிகேதனத்துக்கு அழைத்து உபசரித்தார். பின்னர் பத்மா நதிக்கரையிலுள்ள சிலைதாவுக்குக் கூட்டிச்சென்றார். நதியும் படகும் மணற்றிடலும் நாரைக் கூட்டமும் நந்தலாலின் வரைபுத்தகத்துக்குள் புகுந்தன. 1917 இல் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவிலே தம் விஞ்ஞான மந்திரத்தை நிறுவியபோது அதனை அலங்கரிக்கும் பணி நந்தலாலுக்கு வந்தது. செடிகொடிகளும் தீண்டலுக்கும் வெம்மைக்கும் துலங்கல் காட்டுகின்றன என்பதைக் கருவிகொண்டு பதிவுசெய்த விஞ்ஞானியின் மண்டபத்தை, செடிகொடிகளின் உயிரோட்டத்தைக் கோட்டிலே பிடிக்க முயன்ற ஓவியர் அலங்கரித்தார். இருவரும் ஒரே கதவை இரு பக்கமும் நின்று தட்டியவர்கள் போலும்.

1919 இலே சாந்திநிகேதனத்தில் கலாபவனம் தொடங்கியது. இங்கேதான் நந்தலாலின் வாழ்க்கையிலே பெரிய தர்மசங்கடம் வந்தது. சாந்திநிகேதனத்துக்குப் போனவரைக் குருவாகிய அவனீந்திரர் கல்கத்தாவுக்குத் திரும்ப அழைத்தார். தம் சங்கத்து ஓவியப் பள்ளிக்குத் தம் தலைமாணாக்கன் வேண்டும் என்றார். குருவின் சொல்லைத் தட்டலாகாது. கல்கத்தாவிலே வருமானமும் உண்டு; கண்காட்சியும் உண்டு; பெயரும் உண்டு. மறுபக்கத்தில் கவிஞர் அழைக்கிறார். அங்கே இருப்பது செம்மண்ணும் பனையும் கூரைவீடுகளும். குருவின் அழைப்புக்கு இணங்கிக் கல்கத்தா திரும்பினார். ஆயினும் மனம் அங்கே நிற்கவில்லை. சிறிது காலத்தின்பின் சாந்திநிகேதனத்துக்கே மீண்டு, 1922 இலே கலாபவனத்தின் தலைமையை ஏற்றார். 1951 இல் ஓய்வுபெறும்வரை விடவில்லை. குருவிடம் வைத்த பக்தி மட்டும் கடைசிவரை குறையவேயில்லை. அந்தப் பயணம் நிகழாவிடில் நாம் இன்று பேசும் நந்தலால் இல்லை.

அவர் கற்பித்த முறை தனியானது. வகுப்பறையின் நான்கு சுவர்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. மாணவரை வெளியே அனுப்புவார். ஒரு மரத்தைத் தெரிந்தெடுத்து அதைக் காலையிலும் மத்தியானத்திலும் மாலையிலும் போய்ப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு வந்து நினைவிலிருந்து எழுதவேண்டும். மரத்தை வரையும்போது உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரையக்கூடாது என்பது அவர் கொள்கை. மரம் மேலிருந்து கீழே வளர்வதில்லை. வேரிலிருந்து மேலே எழுகிறது. ஆகவே தூரிகையும் அடியிலிருந்து மேலே செல்லவேண்டும். 1940 இலே அங்கே மாணவராகச் சேர்ந்து பின்னர் உலகப் புகழ் பெற்ற திரைப்பட நெறியாளராகிய சத்யஜித் ராய் இந்தப் பாடத்தை முதுமையிலும் மறக்கவில்லை. கேட்பதற்கு எளிய விதி. ஆனால் பனையொன்றை அடியிலிருந்து வரைந்து பாருங்கள்: வேர்க்கட்டு, கறுத்த அடி, வரிவரியாய் ஏறும் வடு, கடைசியிலே ஓலை. மரம் நின்ற ஆண்டுகளையெல்லாம் கை ஒருமுறை ஏறிப்பார்க்கிறது.

உயிருக்குள்ளே ஒரு தாளம் இருக்கிறது, அத்தாளம் ஓவியத்திலே வராவிட்டால் உருவம் எவ்வளவு ஒத்திருந்தாலும் பயனில்லை என்பது அவர் எண்ணம். இதிலே யப்பானிய அறிஞர் ஒகாகுரா அவர்களின் உபதேசமும் சேர்ந்திருந்தது. ஒகாகுரா கல்கத்தா வந்தபோது மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக அடுக்கிக் காட்டினாராம். ஒன்று இயற்கை, ஒன்று மரபு, ஒன்று ஓவியனின் சொந்தக் கற்பனை. மூன்றில் ஒன்றை எடுத்தாலும் முக்கோணம் கலைந்துவிடும். இயற்கை மட்டும் என்றால் வெறும் பிரதி. மரபு மட்டும் என்றால் செத்த வழக்கம். கற்பனை மட்டும் என்றால் பைத்தியம். நந்தலால் இதனை வாழ்நாள் முழுவதும் மாணவருக்குச் சொன்னார். 1924 இலே இரவீந்திரருடன் சீனாவுக்கும் யப்பானுக்கும் சென்று, கறுப்பு மை ஒன்றினாலேயே மூங்கிலையும் மூடுபனியையும் எழுப்பும் வித்தையை நேரிலும் கண்டுவந்தார்.

சாந்திநிகேதனத்தைச் சுற்றிச் சந்தால் குடிகளின் கிராமங்கள் இருந்தன. படித்த வங்காளிகள் அவர்களைக் கூலியாட்களாகவே கண்டார்கள். நந்தலால் அவர்களிடம் வேறொன்றைக் கண்டார். மழுமழுவென்று மெழுகிய மண்சுவர், வயலுக்கு வரிசையாய்ப் போகும் பெண்கள், கொண்டையிற் செருகிய பூ, குழலும் மத்தளமும், ஆட்டுக்குட்டியைத் தோளிலே தூக்கிவரும் சிறுவன். இவையெல்லாம் அவர் வரைபுத்தகத்திலே நிறைந்தன. அவர் ஓவியங்களிலே மனிதன் இயற்கையின் முன்னே நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அதற்குள்ளே நின்று வேலை செய்கிறான். எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். அழகிய மலையையும் அருவியையும் தீட்டி, மனிதனைக் காணாமலே விட்டுவிடும் ஓவியங்கள் உலகிலே ஏராளம். நந்தலாலின் நிலத்திலே உழுதவன் காலடி இருக்கிறது.

1928 ஆம் ஆண்டு ஆடி மழைக்காலத்தை ஒட்டி இரவீந்திரர் இரண்டு விழாக்களைத் தொடங்கினார். ஒன்று மரம்நடு விழா. மற்றது ஏர்ப்பூட்டு விழா. சிறிய கன்றைப் பல்லக்கிலே வைத்துப் பாட்டோடும் சங்கொலியோடும் எடுத்துச்சென்று நட்டார்கள். மறுநாள் அருகிலுள்ள ஸ்ரீநிகேதனத்திலே கவிஞரே ஏர்பிடித்தார். இவ்விழாக்களுக்கு வேண்டிய அலங்காரம், கோலம், உடை எல்லாம் கலாபவனத்தாரின் பொறுப்பு. நாளேர் பூட்டியும் புதிர் எடுத்தும் பழகிய நம் கமக்காரருக்கு இது புதுமையன்று. ஆனால் கல்லூரியொன்று கமக்காரனின் சடங்கைத் தன் சடங்காக ஏற்றது புதுமை. 1930 இலே அந்த ஏர்ப்பூட்டு விழாவை ஸ்ரீநிகேதனத்துச் சுவரிலே ஈரச்சுண்ணாம்பு ஓவியமாக நந்தலால் தீட்டினார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

கோலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்காளப் பெண்கள் அரிசிமாவைக் கரைத்துத் தரையிலே இடும் கோலத்துக்கு ஆல்பனா என்று பெயர். அதைக் கற்பிக்க நந்தலால் பட்டணத்து ஓவியர் எவரையும் தேடவில்லை. சுகுமாரி தேவி என்னும் கிராமத்து மாதொருவரைக் கலாபவனத்திலே ஆசிரியராக அமர்த்தினார். பட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. கையிலே வித்தை இருந்தது. பின்னர் நந்தலாலின் மகள் கௌரி அக்கலையை வளர்த்தார். பொங்கலன்று நம் முற்றத்திலே கோலமிடும் பாட்டியை ஒரு கல்லூரியின் ஆசிரியர் நாற்காலியிலே இருத்தியதாக எண்ணிப் பாருங்கள். அவர் செய்த காரியத்தின் துணிவு அப்போது விளங்கும்.

வீடுகளும் அப்படியே. சாந்திநிகேதனத்திலே தாலத்வஜம் என்று ஒரு சிறிய மண்வீடு உண்டு. பனையொன்றைத் தறிக்காமல் நடுவே நிற்கவிட்டு, அதைச் சுற்றி வட்டமாகச் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்திருக்கிறார்கள்; பனையின் தலை கூரைக்கு மேலே குடைபிடித்து நிற்கிறது. போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் வடலி வளவுகள் எத்தனை வெறிச்சோடிப் போயின என்பதை அறிந்த நமக்கு இந்தச் செய்தி சற்று உறைக்கத்தான் செய்யும். 1930களிலே மாணவர்களின் விடுதியாக எழுந்த கறுப்பு வீட்டின் மண்சுவரிலே நந்தலாலும் மாணவரும் புடைப்புச் சிற்பங்களை அமைத்து, மழையிலிருந்து காக்கத் தார் பூசினார்கள். மண்ணும் சாணமும் தாரும் கலைக்குப் போதாத பொருள்கள் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை.

இவ்வளவும் ஓர் ஆச்சிரமத்துக்குள்ளேயே நின்றிருந்தால் தேசம் அவரை அறிந்திராது. 1930 இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்திச் சிறைசென்றபோது, கையிலே கோலூன்றி நடக்கும் அடிகளை நந்தலால் கறுப்பு வெள்ளையிலே செதுக்கி அச்சிட்டார். சில வெட்டுக்களே, ஆனால் அடிகளின் நடை அதிலே இருக்கிறது. 1936 இலே லக்னோ காங்கிரசில் கலைக் கண்காட்சி அமைக்கும் பணியை அடிகள் அவரிடம் ஒப்புவித்தார். அவ்வாண்டு இறுதியில் பைஸ்பூர் என்னும் கிராமத்திலே காங்கிரஸ் கூடியபோது பந்தல் முழுவதையுமே அமைக்கச் சொன்னார். நான் ஓவியன், கட்டடக் கலைஞன் அல்லேன் என்று நந்தலால் தயங்கினார். அடிகள் விடவில்லை. மூங்கிலும் கீற்றும் கயிறுமாக, அவ்வூரிலே கிடைத்த பொருள்களைக் கொண்டே நகர் ஒன்று எழுந்தது.

அதன் சிகரம் ஹரிபுரா. 1938 மாசி மாதத்திலே குஜராத்தின் தப்தி நதிக்கரைக் கிராமமாகிய ஹரிபுராவிலே சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. வருவோரிலே பெரும்பாலோர் கிராமத்தவர். கண்காட்சி மண்டபத்துள் நுழைந்து படம் பார்ப்பது அவர்கள் அறியாத பழக்கம். ஆகையாலே படங்களை வழியிலே, வாயில்களிலே, பந்தற்கால்களிலே வைத்துவிட்டார் நந்தலால். கையாற் செய்த காகிதத்திலே, மண்ணிலிருந்து எடுத்த காவியும் மஞ்சளும் பச்சையும் கொண்டு, எண்பதுக்கு மேற்பட்ட படங்களை அவர் தம் கையாலே விரைந்து எழுதினார். மாணவர்கள் பிரதிசெய்ய, மொத்தம் நானூறு அளவுக்குப் பெருகின. படங்களிலே இருந்தவர் யார்? அரசரும் அல்லர், தலைவரும் அல்லர். மேளம் அடிப்பவர், பஞ்சு கொட்டுபவர், குயவர், தச்சர், செருப்புத் தைப்பவர், மாட்டோடு மல்லுக்கட்டுபவர், அடுப்படியிலே வேலை செய்யும் பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். ஒவ்வொருவரும் ஒரு வளைவுக்குள்ளே, கோயிற் கோட்டத்திலே நிற்கும் மூர்த்திபோல நிற்கின்றனர். பறை கொட்டுபவரையும் செருப்புத் தைப்பவரையும் கோட்டத்துள்ளே நிறுத்தியதன் பொருளை நம் ஊரார் நன்கு சிந்திக்கவேண்டும். கோயில் வாயில் எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்ற போராட்டம் நம் குடாநாட்டிலே அதற்குப் பின்னும் பல்லாண்டு நடந்தது.

அந்தப் படங்களிலே மூடுபனி இல்லை. கோடு சவுக்குப்போலச் சுழல்கிறது. நிறம் நிலத்தின் நிறம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னே குகையிருட்டிலே கற்றதும், குழந்தைப் பருவத்திலே குயவரிடம் கண்டதும், சந்தால் கிராமத்துச் சுவரிலே பார்த்ததும் ஒன்றாய் வந்து சேர்ந்த இடம் ஹரிபுரா என்பேன். அவருடைய வேறெந்த வேலையையும்விட இதையே நான் உயர்வாகக் கருதுகிறேன். பரோடாவிலே கீர்த்தி மந்திரத்துச் சுவர்களில் 1939 முதல் 1946 வரை அவர் தீட்டிய கங்காவதரணத்தையும் மீராவின் சரிதத்தையும் மேலாகக் கொள்வோரும் உளர், அவரவர் விருப்பம்.

1943 இலே வங்காளத்தைப் பெரும்பஞ்சம் பற்றியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்போது நந்தலால் எழுதிய அன்னபூரணி ஓவியத்தைச் சைவராகிய நாம் அறியாதிருக்கலாகாது. தேவி தாமரைமேல் வீற்றிருக்கிறாள். அவள் முன்னே பிச்சைபெற வந்த பெருமான் எலும்புக்கூடாய் நின்று ஆடுகிறார். நம் புராணங்களிலே பிட்சாடனர் பேரழகர். இங்கோ வயலிலிருந்து நெல்லும் நெல்லிலிருந்து சோறும் மனிதனுக்குச் சேராமற்போனால் கடவுளுக்கே உடம்பு இல்லை என்பதுபோல அந்த உருவம் நிற்கிறது. பஞ்சம் வானம் பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. யுத்தமும் விலையேற்றமும் ஆட்சியாளரின் அசட்டையும் கூடி வந்தது. நிலத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவை மனிதரே அறுத்ததன் படம் அது.

இலங்கையோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1934 இலே இரவீந்திரர் தம் குழுவினரோடு மூன்றாம் முறையாக இலங்கைக்கு வந்தபோது நந்தலாலும் உடன்வந்தார். கொழும்பிலே சாபமோசனம் என்னும் நாட்டிய நாடகம் நடந்தது. ஹொரணையில் ஸ்ரீபாலி என்னும் கலாசாலைக்குக் கவிஞர் அடிக்கல் நாட்டினார். அம்முறை யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்றார். சாந்திநிகேதனத்துக்குச் சென்று பயின்ற இலங்கையரில், நம் நாட்டு விகாரைகளின் பழைய சுவரோவியங்களைத் தேடித்தேடிப் பிரதிசெய்த மஞ்சுசிறி அவர்களும், தேசிய கீதத்துக்கு இசை அமைத்த ஆனந்த சமரக்கோன் அவர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். அழியும் சுவரிலிருந்து அழியாத கோட்டைப் பெயர்த்தெடுக்கும் அஜந்தா வேலை இவ்வாறு நம் தீவிலும் தொடர்ந்தது.

ஆசிரியர் என்ற முறையிலே அவரிடம் பிடிவாதமும் இருந்தது. எண்ணெய் வர்ணத்தை அவர் விரும்பவில்லை. மேல்நாட்டுப் புதுமைகளைச் சந்தேகத்தோடே பார்த்தார். ஆனால் அவருடைய மாணவர் இராம்கிங்கர் பைஜ் எண்ணெய் வர்ணத்தைத் தாமே கற்று எழுதினார். சீமெந்தும் செம்பரற் கல்லும் குழைத்து 1938 இலே சந்தால் குடும்பம் என்னும் பெருஞ்சிற்பத்தை வெளியிலே நிறுத்தினார். குருவுக்கு வழி பிடிக்கவில்லை. ஆயினும் மாணவனின் வழியை அடைக்கவுமில்லை. பார்வை குன்றிய கண்ணோடு பிறந்து, பின்னர் முற்றாகப் பார்வையிழந்தும் கலையை விடாத வினோத் பிகாரி முகர்ஜியும் அவர் மாணவரே. தம்மைப்போலவே எழுதும் சீடரை மட்டும் வளர்த்த குரு அல்லர் அவர் என்பதற்கு இவ்விருவருமே சாட்சி.

சுதந்திரம் வந்தபின் இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதியை அலங்கரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 22 பாகங்களின் தலைப்பிலும் ஒவ்வொரு சித்திரம். சிந்துவெளி முத்திரையிலிருந்து தொடங்கி, வேதகாலத்து ஆச்சிரமம், புத்தர், நம் தென்னாட்டு நடராசர், காந்தியடிகளின் யாத்திரை என்று வளர்ந்து, முடிவிலே இமயமும் பாலைவனமும் கடலுமாக நிறைவுறுகிறது. சட்டப் புத்தகம் ஒன்று கடலிலே போய் முடிவது உலகத்திலே வேறெங்கும் இருக்குமோ, நான் அறியேன். அந்த வேலையைச் சாந்திநிகேதனத்து மாணவர் பலர் கூடிச் செய்தார்கள்.

1954 இலே பத்மவிபூஷண் விருது வந்தது. விருதுகளைப் பற்றி அவர் அதிகம் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. சாந்திநிகேதனத்திலே காலையில் எழுந்து, தபாலட்டையிலே ஏதாவது ஒன்றை வரைவது அவர் நெடுநாள் வழக்கம்: ஓர் ஆடு, ஒரு புல், குளத்தடியிலே ஒரு நாய், மழைக்கு ஒதுங்கிய ஒருவன். அதை நண்பருக்கோ பழைய மாணவருக்கோ முத்திரை ஒட்டி அனுப்பிவிடுவார். இப்படி ஆயிரக்கணக்கான அட்டைகள் தபாற்காரன் பையிலே நாடெங்கும் சென்றன. வயது ஏற ஏற நிறங்கள் குறைந்தன. கடைசிக் காலத்திலே பெரும்பாலும் கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமுமே. ஒரு பைன்மரம், ஒரு மேகம், அடியிலே மிகச் சிறிதாக நடந்துபோகும் மனிதன்.

1966 சித்திரையிலே, ஏப்ரல் 16 ஆந் திகதி, கல்கத்தாவிலே அவர் சிவபதம் அடைந்தார். வயது 83. அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்து, வெளிநாட்டுக்கு விற்பதை இந்திய அரசு 1970களிலே தடைசெய்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வரைபுகளும் ஓவியங்களும் தில்லி நவீனக் கலைக்கூடத்திலே இருக்கின்றன. சாந்திநிகேதனமோ 2023 இலே உலக மரபுரிமைத் தலமாயிற்று.

அவர் பிறந்தநாளை ஒட்டி டிசம்பர் முதலிரு நாட்களிலும் கலாபவனத்திலே நந்தன் மேளா என்று ஒரு சந்தை கூடுகிறது. மாணவரும் ஆசிரியரும் தாங்கள் செய்த மண்பாத்திரம், துணி, படம், பொம்மை, தபாலட்டை எல்லாவற்றையும் மரத்தடியிலே பரப்பிக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வரும் பணம் இடருற்ற மாணவர்களின் உதவி நிதிக்குப் போகிறது.